சென்னைக்கு நாலு மணி, மலைக்கு ஒரு நாள்

பாயான் லெப்பாஸிலிருந்து மலைவாசத்தலங்களுக்குக் கிளம்பும் குடும்பங்கள் போட வேண்டிய நேரக் கணக்கு

பினாங்கின் பாயான் லெப்பாஸ் விமான நிலைய ஓடுபாதையிலிருந்து சென்னை மீனம்பாக்கம் வரை நேர்கோடு போட்டால் ஏறத்தாழ 2,370 கிலோமீட்டர். நடுவில் அந்தமான் கடல், அதற்கப்பால் வங்காள விரிகுடா. இந்தத் தூரத்தை இண்டிகோ விமானம் நான்கு மணி நேரத்துக்குள் பறந்து முடிக்கிறது. மேட்டுப்பாளையத்தில் காலை 7.10 மணிக்குப் புறப்படும் நீலகிரி மலை ரயில் உதகமண்டலம் போய்ச் சேர ஓட வேண்டிய தூரம் 46 கிலோமீட்டர். அதற்குக் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் ஆகிறது.

கடலைக் கடப்பதைவிட மலையில் ஏறுவதற்கு அதிக நேரம். பினாங்குத் தமிழர்கள் உதகைக்கோ கொடைக்கானலுக்கோ குடும்பத்தோடு போகத் திட்டமிடும்போது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் கணக்குப் பிசகுகிறது. விமானச் சீட்டில் இருக்கும் நேரத்தைப் பார்த்து, "காலையில ஏறினா சாயங்காலம் ஊட்டியில இருக்கலாம்" என்று முடிவு செய்துவிடுகிறார்கள். பயணத்தின் மெதுவான பகுதி விமானத்தை விட்டு இறங்கிய பிறகுதான் தொடங்குகிறது என்பது அப்போது யாருக்கும் நினைவில் இருப்பதில்லை.

சென்னைக்கும் பினாங்குக்கும் நேரடி விமானம் 2024 டிசம்பர் 21-ஆம் தேதி தொடங்கியது. அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் பாயான் லெப்பாஸிலிருந்து தமிழ்நாட்டுக்குப் போக வேண்டுமென்றால் கோலாலம்பூருக்கோ சிங்கப்பூருக்கோ போய் அங்கே விமானம் மாற வேண்டும். நேரடி விமானம் வந்ததும் மாமன் வீட்டுக் கல்யாணம், குலதெய்வ வழிபாடு, பழனி வேண்டுதல் ஆகியவற்றோடு ஒரு மலைப் பயணத்தையும் சேர்த்துக்கொள்வது எளிதாகிவிட்டது. வேண்டுதலை முடித்துக்கொண்டு பழனியிலிருந்தே கொடைக்கானலுக்கு ஏறிவிடவும் சாலை இருக்கிறது. ஆனால் எளிதாகியிருப்பது எந்தப் பகுதி, மாறாமல் இருப்பது எந்தப் பகுதி என்று பிரித்துப் பார்த்த பிறகு சீட்டு எடுப்பதே நல்லது.

முதல் குழப்பம் கடிகாரத்தில் இருக்கிறது. மலேசிய நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1 அன்று தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே நகர்த்தியது. அதுவரை இரு நாடுகளுக்கும் இரண்டு மணி நேரம்தான் இடைவெளி. பாயான் லெப்பாஸில் காலை பத்து மணிக்குக் கிளம்புவதாக வைத்துக்கொண்டால், சென்னையில் இறங்கும்போது உள்ளூர்க் கடிகாரம் பதினொன்றேகால் காட்டும். சீட்டில் இரண்டு நேரங்களும் பக்கத்துப் பக்கத்தில் அச்சாகியிருப்பதைப் பார்த்தால் ஒன்றேகால் மணி நேரப் பயணம்போலத் தெரியும். திரும்பும்போது கதை நேர்மாறு. அதே விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் பறந்ததாகக் கடிகாரம் சொல்லும். உடம்புக்கு இரண்டும் ஒரே நேரம்தான்.

இரண்டாவது, பயண நேரம் என்று விமான நிறுவனம் சொல்வது வானத்தில் பறக்கும் நேரத்தை மட்டும் அல்ல. நிறுத்துமிடத்திலிருந்து சக்கரம் நகர்வதில் தொடங்கி, போய்ச் சேர்ந்த ஊரில் நிறுத்துமிடத்தில் சக்கரம் நிற்பது வரைக்கும் உள்ள நேரம் அது. பாயான் லெப்பாஸிலிருந்து கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம் நேர்கோட்டில் 325 கிலோமீட்டர். பறப்பது முக்கால் மணி நேரம் போல. சீட்டில் ஒரு மணி நேரமோ அதற்குச் சற்று மேலோ இருக்கும். வரிசையில் காத்திருப்பதும் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் அந்த வித்தியாசத்துக்குள் அடங்கிவிடுகின்றன. ஆனால் வீட்டிலிருந்து விமான நிலையம் போகும் நேரம், சோதனை வரிசை, குடிநுழைவு, பெட்டிக்குக் காத்திருப்பது எல்லாம் எந்தச் சீட்டிலும் வராது.

காற்றுக்கும் இதில் பங்கு உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், தென்னிந்தியாவின் மேலே மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு வலுவான காற்றோட்டம் ஓடுகிறது. 1950களில் இதை ஆராய்ந்து உலகுக்கு விளக்கியவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம். அந்த மாதங்களில் பினாங்கிலிருந்து சென்னைக்குப் போகும் விமானத்துக்குப் பின்னாலிருந்து காற்றுத் துணை கிடைக்கும். திரும்பி வரும்போது அதே காற்று எதிரே நிற்கும். வித்தியாசம் சில நிமிடங்கள்தான்.

கப்பலில் ஒரு வாரம்

இன்றைய நான்கு மணி நேரத்தின் மதிப்பு பழைய தலைமுறைக்குத்தான் நன்றாகத் தெரியும். 1926-இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் ஓடியது. மேல்தளத்தில் பாயை விரித்து, தகரப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று பாயான் லெப்பாஸ் புறப்பாட்டுக் கூடத்தில் வரிசையில் நிற்கிறார்கள். ரஜூலாவுக்குப் பின் எம்.வி. சிதம்பரம் வந்தது. 1985 பிப்ரவரியில் அந்தக் கப்பலில் தீப்பிடித்ததோடு தமிழ்நாட்டுக்கும் மலாயாக் கரைக்கும் இடையிலான அந்தக் கப்பல் பயணம் முடிவுக்கு வந்தது.

பாயான் லெப்பாஸ் விமான நிலையமும் இளையது அல்ல. 1935-இல் திறக்கப்பட்டது. மறு ஆண்டே, 1936 மார்ச்சில், இம்பீரியல் ஏர்வேஸின் சிறிய விமானம் ஒன்று பினாங்கிலிருந்து கிளம்பி ஹாங்காங்குக்கு முதல் வணிக விமானச் சேவையைத் தொடங்கி வைத்தது. 1947 மே மாதத்தில் மலாயன் ஏர்வேஸ் தன் வழக்கமான சேவையைத் தொடங்கியபோது சிங்கப்பூர், கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு என்பதுதான் வரிசை. கேமரன் மலைக்குப் போகிறவர்கள் இந்த ஈப்போவைக் கவனிக்க வேண்டும். அன்றைய வானூர்தி மலையடிவார ஊரில் இறங்கி ஏறியது. இன்று பினாங்கிலிருந்து வேகமான விமானங்கள் எத்தனையோ இருந்தாலும், ஈப்போவின் தலைக்கு மேலே பறந்து நேரே தலைநகருக்குத்தான் போகின்றன.

கேமரன் மலையை வரைபடத்தில் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். பாயான் லெப்பாஸிலிருந்து அங்குள்ள தானா ராத்தா ஊர் நேர்கோட்டில் ஏறத்தாழ 150 கிலோமீட்டர்தான். விமானம் அங்கே நேரே போக முடியுமானால் அரை மணி நேரத்துக்குள் தரையிறங்கிவிடும். ஆனால் கேமரன் மலையில் பயணிகள் விமானம் இறங்கும் ஓடுபாதை கிடையாது. சாலை வழியாகச் சுமார் 250 கிலோமீட்டர். பாலத்தைக் கடந்து, வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் சிம்பாங் பூலாய் வரை இரண்டு மணி நேரம். அங்கிருந்து கம்போங் ராஜா, பிரிஞ்சாங் வழியாகத் தானா ராத்தாவுக்கு இன்னொரு இரண்டு மணி நேரம். மொத்தத் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே மலைச்சாலை. பயண நேரத்திலோ பாதி அதற்குத்தான்.

சரி, விமானத்தில் போனால்? கோலாலம்பூர் விமான நிலையத்திலிருந்து தானா ராத்தாவுக்குச் சாலை வழியாக 250 கிலோமீட்டருக்குக் குறையாது. அதாவது பினாங்கிலிருந்து 325 கிலோமீட்டர் தெற்கே பறந்து இறங்கிய பிறகும், கிளம்பியபோது எவ்வளவு தூரம் மிச்சம் இருந்ததோ அவ்வளவு தூரம் அப்படியே மிச்சம் இருக்கும். பறந்த தூரம் முழுக்க வீண். பட்டர்வொர்த்திலிருந்து மின்சார ரயிலில் ஈப்போவுக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் போய், அங்கிருந்து பேருந்தோ வாடகை வண்டியோ பிடிப்பதுதான் கார் இல்லாதவர்களுக்கு நல்ல வழி.

இந்த மலையின் வரலாறே பாதை போட்ட வரலாறுதான். நில அளவையாளர் வில்லியம் கேமரன் 1885-இல் இந்தப் பீடபூமியைக் கண்டு குறித்து வைத்தார். அது ஓய்வுத்தலமாக வளர்ச்சி பெறத் தொடங்கியதோ 1925-க்குப் பிறகு. நடுவில் கழிந்த நாற்பது ஆண்டுகளில் இடம் தெரிந்திருந்தது. ஏறுவதற்கு வழி இல்லை. தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் சாலை 1930களின் தொடக்கத்தில் முடிந்த பிறகே வீடுகளும் விடுதிகளும் வந்தன. 1929-இல் ஜே.ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டத்தின் சரிவுகளில் உழைத்து அந்த மலையைப் பச்சைக் கம்பளமாக்கியவர்களில் தமிழர்கள் முன்னணியில் இருந்தார்கள். அவர்கள் பெயர் எந்த வளைவிலும் எழுதப்படவில்லை. சுற்றுலாத் துண்டறிக்கைகள் மலையைக் கண்டவரின் பெயரையும் தோட்டம் தொடங்கியவரின் பெயரையும் சொல்லும் இடத்தில், மண்ணைப் பண்படுத்திய இந்த மக்களையும் சொல்வதுதான் நியாயம்.

பள்ளி விடுமுறையிலும் பெருநாள் காலத்திலும் மேலே சொன்ன நான்கு மணி நேரக் கணக்கு செல்லாது. பிரிஞ்சாங்குக்கும் கியா ஃபார்ம் சந்தைக்கும் இடையில் வண்டிகள் நகராமல் நின்றுவிடும். சில கிலோமீட்டருக்கே ஒரு மணி நேரம் போய்விடும். இந்த நாட்களில் விடியற்காலையில் பாலத்தைக் கடந்துவிடும் குடும்பம் மதியச் சாப்பாட்டைத் தானா ராத்தாவில் சாப்பிடும். பத்து மணிக்குக் கிளம்பும் குடும்பம் சாலையில் சாப்பிடும்.

தூரத்தால் பிறந்த நகரம்

பயண நேரத்தைக் காரணமாக வைத்தே ஒரு மலை நகரம் பிறந்ததும் மலேசியாவில்தான். 1964-இல் கேமரன் மலையில் நீர்மின் திட்ட வேலை ஒன்றை எடுத்துச் செய்துகொண்டிருந்த ஒப்பந்தக்காரர் லிம் கோ டோங், கோலாலம்பூர் மக்கள் குளிர்ச்சிக்காக இவ்வளவு தூரம் வர வேண்டியிருக்கிறதே என்று யோசித்தார். தலைநகருக்கு அருகிலேயே ஒரு மலை கிடைக்குமா என்று தேடி, கோலாலம்பூரிலிருந்து 60 கிலோமீட்டருக்குள் இருந்த உலு காலி மலையைத் தேர்ந்தெடுத்தார். 1965-இல் நிறுவனம் தொடங்கியது. அதே ஆண்டு சாலை வேலையும் தொடங்கியது. காட்டையும் பாறையையும் வெட்டிப் பாதை போடவே ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் ஆயின. முதல் விடுதி 1971-இல் திறந்தது. அதுதான் இன்றைய கெந்திங் மலை. அந்த மலையில் என்ன நடக்கிறது என்பது பற்றிப் பலருக்கும் பல கருத்துகள் இருக்கலாம். ஆனால் மலைவாசத்தலத்தின் வெற்றி அதன் அழகைவிட, நகரத்திலிருந்து எத்தனை மணி நேரம் என்பதில்தான் அதிகம் தங்கியிருக்கிறது என்று அந்த மனிதர் சரியாகவே கணித்தார்.

கோலாலம்பூர்க்காரர்களுக்குக் கிட்டிய அந்தச் சலுகை பினாங்குக்காரர்களுக்கு இல்லை. பாயான் லெப்பாஸிலிருந்து கெந்திங் நேர்கோட்டில் 270 கிலோமீட்டருக்குள். விமானமோ 325 கிலோமீட்டர் பறந்து, மலையைத் தாண்டித் தெற்கே போய் இறங்குகிறது. அங்கிருந்து மறுபடியும் வடக்கே நூறு கிலோமீட்டருக்கு மேல் வண்டியில் திரும்பி வர வேண்டும். விமான நிலையத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாகப் போவது, ஒரு மணி நேர விமானம், பெட்டி எடுக்க அரை மணி, சாலையில் இரண்டு மணி என்று கூட்டினால் ஐந்து மணி நேரம். பாயான் லெப்பாஸிலிருந்து காரிலேயே போனாலும் ஏறத்தாழ 400 கிலோமீட்டர், அதே ஐந்து மணி நேரம். சுபாங் விமான நிலையத்தில் இறங்கும் டர்போப்ராப் விமானத்தில் இடம் கிடைத்தால் சாலைத் தூரம் கணிசமாகக் குறையும். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்குக் காரே மலிவு. தனியாகப் போகும் முதியவருக்கு விமானம் இதம்.

கெந்திங்கின் மலைச்சரிவில் 2016 டிசம்பர் முதல் ஓடும் புதிய கம்பிவட ஊர்தி 2.8 கிலோமீட்டரைப் பத்து நிமிடத்தில் ஏறுகிறது. வண்டியைக் கீழே நிறுத்திவிட்டு அதில் போவதை வேடிக்கைக்காக மட்டும் பரிந்துரைக்கவில்லை. 2013 ஆகஸ்ட் 21 அன்று கெந்திங்கிலிருந்து இறங்கிவந்த பேருந்து பள்ளத்தில் பாய்ந்து 37 பேர் உயிரிழந்தார்கள். கேமரன் மலைச் சாலையிலும் 2010 டிசம்பரில் தாய்லாந்துச் சுற்றுலாப் பயணிகள் வந்த பேருந்து கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இரண்டுமே மலையிலிருந்து இறங்கும்போது நேர்ந்தவை. மலைச்சாலையில் நேரத்தை மிச்சப்படுத்த நினைப்பது எவ்வளவு ஆபத்தானது என்று எத்தனை முறை சொன்னாலும் போதாது. விமானத்தைப் பிடிக்க வேண்டும் என்று ஓட்டுநரை அவசரப்படுத்தும் பயணிகளும் இதில் பொறுப்பாளிகள்தான். இறங்கும் நாளிலேயே விமானச் சீட்டு எடுக்காமல், அடிவாரத்தில் ஓர் இரவு தங்கும்படி திட்டமிட்டால் அந்த அவசரமே வராது.

மலை உச்சியிலேயே விமான நிலையம் கட்டினால் என்ன என்று சிறுவர்கள் கேட்பார்கள். நல்ல கேள்வி. உயரம் கூடக் கூடக் காற்று மெலிகிறது. மெலிந்த காற்றில் இறக்கைக்குத் தூக்குவிசை குறைவதால், அதே விமானம் மேலெழும்ப நீளமான ஓடுபாதை வேண்டும். ஆனால் மலையில் நீளமான சமதளம் எங்கே இருக்கிறது? பாயான் லெப்பாஸ் ஓடுபாதை 3,352 மீட்டர் நீளம், கடல் மட்டத்தை ஒட்டிய தரை. எவரெஸ்டுக்குப் போகிறவர்கள் இறங்கும் நேபாளத்தின் லுக்லாவில் 2,845 மீட்டர் உயரத்தில் 527 மீட்டர் ஓடுபாதைதான். அதுவும் ஏறத்தாழ 12 சதவீதம் சரிந்து கிடக்கிறது. மிகச் சிறிய விமானங்கள் மட்டுமே அங்கே இறங்குகின்றன, மேகம் மூடினால் அவையும் இல்லை. சிம்லாவில் விமான நிலையம் இருந்தும், குறுகிய ஓடுபாதையால் ஏற்றிச்செல்லும் எடைக்கு வரம்பு வைத்துத்தான் சேவை நடத்த முடிகிறது. பிற்பகல் தோறும் மூடுபனி இறங்கும் கேமரன், கொடைக்கானல் போன்ற இடங்களில் நம்பகமான விமானச் சேவை நடத்துவது மிகக் கடினம். ஆகவே பெரும்பாலான மலைவாசத்தலங்களுக்கு விமானம் அடிவாரம் வரைதான்.

உதகைக்கு எந்த வழி?

இனி தமிழ்நாட்டுக் கணக்கு. கொடைக்கானலுக்கு அருகிலுள்ள விமான நிலையம் மதுரை. சாலையில் சுமார் 120 கிலோமீட்டர், மூன்றரை மணி நேரம். உதகைக்கு அருகிலுள்ளது கோயம்புத்தூர். ஏறத்தாழ 100 கிலோமீட்டர், குன்னூர் வழியாக மூன்று முதல் நான்கு மணி நேரம்.

பாயான் லெப்பாஸிலிருந்து கொடைக்கானலுக்கு ஒரே மூச்சில் போனால் என்ன ஆகும்? அனைத்துலகப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக விமான நிலையம் போக வேண்டும். சென்னைக்கு மூன்றே முக்கால் மணி நேரம். குடிநுழைவு, பெட்டி, சுங்கம் என்று ஒன்றரை மணி நேரம். உள்நாட்டு விமானத்துக்குக் காத்திருக்கக் குறைந்தது மூன்று மணி நேரம் ஒதுக்க வேண்டும்; முதல் விமானம் தாமதமானால் அடுத்த சீட்டு பறிபோகும். மதுரைக்கு ஒன்றேகால் மணி நேரம், வெளியே வர அரை மணி, பிறகு மலைச்சாலை மூன்றரை மணி நேரம். கூட்டினால் பதினாறு மணி நேரத்துக்கு மேல். இதில் விமானத்தில் உட்கார்ந்திருப்பது ஐந்து மணி நேரம் மட்டுமே. காலையில் பினாங்கில் கிளம்பியவர்கள் மலேசிய நேரப்படி நள்ளிரவை நெருங்கும் நேரத்தில் கொடைக்கானல் வளைவுகளில் ஏறிக்கொண்டிருப்பார்கள். மூடுபனியிலும் இருட்டிலும் குழந்தைகளோடும் தாத்தா பாட்டியோடும் அந்தப் பாதையில் போவது வேண்டவே வேண்டாம்.

கோலாலம்பூர் வழியாகத் திருச்சிக்குப் போகும் பழைய வழக்கமும் இன்னும் மங்கிவிடவில்லை. பினாங்கிலிருந்து கோலாலம்பூர் 325, அங்கிருந்து திருச்சி ஏறத்தாழ 2,690, ஆக மொத்தம் 3,000 கிலோமீட்டருக்கு மேல் பறக்க வேண்டும். சென்னை நேரடி விமானத்தைவிட 650 கிலோமீட்டர் கூடுதல். ஆனாலும் திருச்சியில் இறங்கியதும் திண்டுக்கல், வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் சுமார் 200 கிலோமீட்டர். சென்னை நெரிசலையும் இன்னொரு விமானத்தையும் தவிர்க்கலாம். திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கம் சொந்தபந்தம் உள்ளவர்களுக்கு இந்த வழியில் இன்னொரு நன்மை: ஓர் இரவு உறவினர் வீட்டில் தங்கி, மறுநாள் காலை வெளிச்சத்தில் மலை ஏறலாம். வானத்தில் நீளமான வழி, தரையில் நிம்மதியான வழியாகிவிடுகிறது.

ரயிலில் போகிறவர்கள் ஒரு பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. கொடைக்கானல் ரோடு என்ற நிலையம் கொடைக்கானலில் இல்லை; அங்கிருந்து 80 கிலோமீட்டர் தள்ளி, கீழே சமவெளியில் இருக்கிறது. சென்னை எழும்பூரிலிருந்து இரவில் கிளம்பும் பாண்டியன் எக்ஸ்பிரஸ் விடியலுக்கு முன் அங்கே நிற்கும். இறங்கிய பிறகு இன்னும் மூன்று மணி நேரம் வண்டிப் பயணம் பாக்கி. 1845-இல் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் குடில் அமைத்த காலத்தில் சமவெளியை மாட்டு வண்டியிலும் மலையை நடந்தோ, குதிரையிலோ, டோலியிலோ கடந்தார்கள். டோலி தூக்கிய தோள்கள் யாருடையவை என்று சொல்லத் தேவையில்லை. வண்டிகள் மேலே போகச் சாலை வந்தது 1910களில்தான்.

உதகைக்குப் போக விரும்பும் பினாங்குக் குடும்பத்துக்கு மிகப் பொருத்தமான வழி விமானத்தையும் ரயிலையும் சேர்ப்பது. காலை விமானத்தில் கிளம்பி இந்திய நேரப்படி மதியத்துக்குள் சென்னையில் இறங்குவது. மாலை வரை ஓய்வு. இரவு சென்னை சென்ட்ரலில் நீலகிரி எக்ஸ்பிரஸ். அது விடியற்காலை மேட்டுப்பாளையம் சேர்ந்ததும், அதே நிலையத்தில் மலை ரயில் காத்திருக்கும். மறுநாள் நண்பகலில் உதகை. பாயான் லெப்பாஸ் வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து முழுதாக ஒரு நாளுக்கு மேல் ஆகிவிடும். கோவை விமானம் பிடித்து டாக்ஸியில் ஏறுவதைவிட இது பல மணி நேரம் கூடுதல்தான். ஆனாலும் இரவைத் தூக்கத்தில் கழித்து, பகல் வெளிச்சத்தில் மலை ஏறலாம்.

அந்த ரயிலைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்ல வேண்டும். மேட்டுப்பாளையம் முதல் குன்னூர் வரை 1899-இலும், உதகை வரை 1908-இலும் ஓடத் தொடங்கியது. 326 மீட்டர் உயரத்தில் கிளம்பி 2,200 மீட்டருக்கு ஏறுகிறது. 208 வளைவுகள், 16 குகைப்பாதைகள், 250 பாலங்கள். சில இடங்களில் 12 அடி நகர்ந்தால் ஓர் அடி உயர வேண்டும். சாதாரணச் சக்கரம் வழுக்கிவிடும் அந்தச் சரிவில், இரு தண்டவாளங்களுக்கு நடுவே பதித்த பற்சட்டத்தில் என்ஜினின் பற்சக்கரம் கடித்துக் கடித்து ஏறுகிறது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆப்ட் உருவாக்கிய முறை அது. 2005-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. மணிக்குப் பத்து கிலோமீட்டர் போலப் போகும் அந்த வேகத்தில், கல்லாறின் பாக்குத் தோப்பு மெல்லக் காடாகி, காடு தேயிலைத் தோட்டமாகி, காற்றில் யூகலிப்டஸ் வாசனை ஏறுவதைப் பயணி உணர்கிறார். பினாங்கின் வெக்கையில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்த ஐந்து மணி நேரம் தவறவிடக் கூடாத ஒன்று. இடங்கள் குறைவு என்பதால், விமானச் சீட்டுக்கு முன்பே மலை ரயில் முன்பதிவு கிடைக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். மழைக்காலத்தில், முக்கியமாக அக்டோபர் முதல் டிசம்பர் வரை, மண்சரிவால் ரயில் அடிக்கடி ரத்தாகும். மலேசியாவின் ஆண்டு இறுதிப் பயணங்கள் பெரும்பாலும் அந்த மாதங்களில்தான் விழுகின்றன.

காரில் போகிறவர்களுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வாகனங்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும். 2025 கோடையில் நீதிமன்றம் எண்ணிக்கையையும் வரையறுத்தது: உதகைக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. சுற்றுலா வண்டி ஏற்பாடு செய்பவரிடம் பாஸ் எடுத்தாயிற்றா என்று பினாங்கிலிருந்தே கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது. அடிவாரச் சோதனைச் சாவடியில் நின்றுகொண்டு கைபேசியில் தேடும் ஒரு மணி நேரத்தை எந்த விமானமும் ஈடுகட்டாது.

உயரத்தைப் பற்றிப் பெரியவர்கள் சிலர் அஞ்சுவதுண்டு. மூச்சு வாங்குமோ, நெஞ்சு அடைக்குமோ என்று. பயணிகள் விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் தரைமட்டத்தில் இருப்பதுபோல் இருக்காது. 1,800 முதல் 2,400 மீட்டர் உயர மலையில் இருக்கும் அளவுக்குத்தான் வைத்திருப்பார்கள். கொடைக்கானல் 2,133 மீட்டர், உதகை 2,240 மீட்டர். ஆகவே சென்னை விமானத்தில் சிரமமில்லாமல் வந்தவர், ஏறத்தாழ உதகையின் காற்றில் சில மணி நேரம் இருந்து பார்த்துவிட்டார் என்றே கொள்ளலாம். மலையில் நடையும் குளிரும் சேரும் என்பதால் இதய, நுரையீரல் நோய் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும். பெரும்பாலோருக்குத் தொல்லை கொடுப்பது உயரத்தைவிட வளைவுதான். மேட்டுப்பாளையம் குன்னூர்ச் சாலையில் மட்டும் 14 கொண்டை ஊசி வளைவுகள். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, பின் இருக்கையில் கைபேசியைப் பார்த்துக்கொண்டு வரும் பிள்ளைதான் முதலில் வாந்தி எடுக்கும். அதற்காக வண்டியை நிறுத்தி நிறுத்திப் போகும் நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இவ்வளவுக்கும் உடம்போ விடுமுறையோ இடம் தராதவர்களுக்கு, பாயான் லெப்பாஸிலிருந்து நேர் வடக்கே ஏறத்தாழ 14 கிலோமீட்டரில் ஒரு மலைவாசத்தலம் இருக்கிறது. கொடிமலை. மிக உயர்ந்த சிகரம் 833 மீட்டர். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி என்ற கணக்கில் வெப்பம் குறைவதால், ஊரில் வியர்க்கும்போது அங்கே நான்கைந்து டிகிரி குறைவாக இருக்கும். 1780களின் இறுதியிலேயே, ஆங்கிலேயரின் பினாங்குக் குடியிருப்பை நிறுவிய பிரான்சிஸ் லைட் அங்கே ஏறப் பாதை வெட்டச் செய்தார். மலை ரயில் அமைக்கும் முதல் முயற்சி 1897-இல் தொடங்கி, இயங்காமல் தோற்றுப்போனது. இரண்டாவது முயற்சி 1923 அக்டோபரில் பொதுமக்களுக்குத் திறந்தது. நடுவழியில் பெட்டி மாறி, அரை மணி நேரத்தில் மேலே போகும் அந்த மர ரயிலில் பள்ளிச் சுற்றுலா போன நினைவு பினாங்கின் நடுவயதுக்காரர்கள் பலருக்கும் உண்டு. 2011 முதல் ஓடும் புதிய ரயில் ஐந்து முதல் பத்து நிமிடத்தில் அதே இரண்டு கிலோமீட்டரை ஏறிவிடுகிறது. உச்சியில் அருளொளி திருமுருகன் ஆலயம் இருக்கிறது. 2021-இல் யுனெஸ்கோ இந்த மலையையும் சுற்றுப்புறத்தையும் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது.

இங்கேயும் தொல்லை தூரத்தில் இல்லை, வரிசையில் இருக்கிறது. பாயான் லெப்பாஸிலிருந்து ஆயர் ஈத்தாம் அடிவார நிலையத்துக்கு அரை மணி நேரம், மலை ஏற ஐந்து முதல் பத்து நிமிடம். பள்ளி விடுமுறையில் நடுப்பகலில் போனால் நடுவே காத்திருக்கும் நேரம் இவை இரண்டையும் கூட்டியதைவிட அதிகம். அதைக் குறைக்கத்தான் தாவரவியல் பூங்காப் பக்கத்திலிருந்து கொடிமலைக்குக் கம்பிவட ஊர்தி அமைக்கும் பணி நடக்கிறது. அது ஓடத் தொடங்கும்போது பாயான் லெப்பாஸ்வாசிகள் ஆயர் ஈத்தாமைத் தாண்டி இன்னும் சில கிலோமீட்டர் வடக்கே வண்டி ஓட்ட வேண்டியிருக்கும். வரிசையில் மிச்சமாகும் நேரம் அதற்கு ஈடாகுமா என்பது, ஊர்தி வந்த முதல் பள்ளி விடுமுறையில் தெரிந்துவிடும்.